மொரிஸ் மைனர் தானுந்தின் பராமரிப்பும் மேம்பாடும்

மொரிஸ் மைனர் என்பது 1948 ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்ட ஒரு சிறிய தானுந்து (கார்) ஆகும். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் பிரித்தானியா, இலங்கை, நியூசிலாந்து முதலிய நாடுகளில் இது ஓடுநிலையில் காணப்படுகிறது. இவற்றுள் ஒரு பகுதி காட்சிக்காகப் பேணப்படுவன. மற்றொரு பகுதி வேலைக்குச் செல்லவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் நாள்தோறும் பயன்படுவன. அன்றாடப் பயன்பாட்டில் உள்ள ஒரு மைனரைப் பழுது பார்த்தல், இன்றைய வீதி நிலைமைகளுக்கு ஏற்ப மேம்படுத்தல் என்பன பற்றி இக்கட்டுரை விளக்குகிறது. பழைய தானுந்துகள் அனைத்துக்கும் பொதுவான பல கோட்பாடுகளை இவ்வண்டியின் வழியாக அறிந்துகொள்ளலாம்.

பின்னணி

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் சேர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959 இல் வெளிவந்த மினி தானுந்தை வடிவமைத்தவரும் இவரே. 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் தானுந்துக் காட்சியில் மைனர் அறிமுகமானது. ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலி தொழிற்சாலை இதன் முதன்மையான உற்பத்தி இடமாக விளங்கியது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. இந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியத் தானுந்து இதுவாகும். மொத்தமாகச் சுமார் 16 இலட்சம் மைனர்கள் உற்பத்தி செய்யப்பட்டன.

பொறியின் அடிப்படையில் மைனரைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- எம்.எம். வரிசை (1948 முதல்): பக்க வால்வு அமைப்புடைய 918 கன சென்ரிமீற்றர் பொறி.
- இரண்டாம் வரிசை (1952 முதல்): மேல் வால்வு அமைப்புடைய 803 கன சென்ரிமீற்றர் பொறி. இதுவே "ஏ வரிசை" எனப்படும் பொறிக் குடும்பம் மைனரில் இடம்பெற்ற முதல் வகை.
- மைனர் 1000 (1956 முதல்): 948 கன சென்ரிமீற்றர் பொறி. இரு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒரே துண்டாக மாறியது.
- மைனர் 1000 (1962 முதல்): 1098 கன சென்ரிமீற்றர் பொறி, பெரிய முன் பிரேக் உருளைகள், வலுவான கியர்ப்பெட்டி.

ஏ வரிசைப் பொறி 1951 முதல் 2000 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் உற்பத்தியில் இருந்தது. மினி, ஒஸ்ரின் ஏ35, ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், எம்.ஜி. மிட்ஜெட், மொரிஸ் மரீனா, மெற்றோ ஆகிய வண்டிகளிலும் இதன் பல்வேறு வடிவங்கள் பயன்பட்டன. மைனருக்கு இன்றும் உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைப்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

பழைய வண்டியை வைத்திருப்பதன் பொருளியல்

புதிய தானுந்து ஒன்றை வாங்குபவருக்கு ஏற்படும் மிகப் பெரிய செலவு எரிபொருளோ திருத்தமோ அன்று. முதல் சில ஆண்டுகளில் வண்டியின் பெறுமதி வீழ்ச்சியடைவதே பெரிய செலவாகும். இச்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. விற்கும்போதுதான் அது உணரப்படுகிறது. ஏற்கெனவே பெறுமதி வீழ்ந்து முடிந்த பழைய வண்டி ஒன்றில் இந்த இழப்பு இல்லை. மாறாகத் திருத்தச் செலவு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதால் பெரிதாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ல்ஸ் வெயர் என்பவர் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். 1982 இல் வெளிவந்த தமது நூலில் "நீடித்து உழைக்கும் தானுந்து உடைமை" என்ற எண்ணத்தை அவர் முன்வைத்தார். வண்டி ஒன்றைச் சில ஆண்டுகளில் கழித்துவிடும் பொருளாகக் கருதாமல், வீட்டைப் போல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்படும் உடைமையாகக் கருத வேண்டும் என்பது இதன் சாரம். மைனரின் உடற்தகடுகள், பொறி, தொங்கல் அமைப்பு ஆகிய அனைத்தும் பிரித்தெடுத்து மாற்றக்கூடியனவாக இருப்பதால் இது நடைமுறைக்கு ஏற்றதாக அமைந்தது.

இவ்வாதத்திற்கு எல்லைகளும் உண்டு. வண்டியின் கட்டமைப்பில் துரு ஆழமாகப் பரவியிருந்தால் திருத்தச் செலவு வண்டியின் பெறுமதியைப் பல மடங்கு மிஞ்சிவிடும். உரிமையாளர் சிறு வேலைகளைத் தாமே செய்யாவிடின் கூலிச் செலவும் உயரும். ஆகவே வண்டியை வாங்குமுன் அதன் உலோகக் கட்டமைப்பின் நிலையை அறிதல் முதன்மையானது.

துருவும் கட்டமைப்பும்

மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை. உடலும் சட்டகமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட அமைப்பே வண்டியின் சுமையைத் தாங்குகிறது. எனவே துரு என்பது தோற்றக் குறைபாடு மட்டும் அன்று. அது வண்டியின் வலிமையைக் குறைக்கிறது. பொறியையும் கியர்ப்பெட்டியையும் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். துருப்பிடித்த அடிப்பகுதியைச் சீர்செய்ய மாதங்கள் ஆகலாம்.

துரு பெரும்பாலும் பின்வரும் இடங்களில் தோன்றுகிறது.

- பின் இலைவில்கள் உடலுடன் பொருத்தப்படும் இடங்கள்
- கதவுகளின் கீழ் உள்ள பக்கப் பெட்டிப் பகுதிகள்
- வண்டியின் நடுவே குறுக்காகச் செல்லும் தாங்கியின் முனைகள், யாக் வைத்து உயர்த்தும் இடங்கள்
- பொறியின் இருபுறமும் உள்ள சட்டகக் கால்கள்
- முன் மட்காட்டுகளின் உட்புறம்

இவ்விடங்களை மெல்லிய சுத்தியலால் தட்டியோ திருப்புளியின் முனையால் அழுத்தியோ சோதிக்கலாம். நல்ல உலோகம் தெளிவான ஒலி தரும். துருப்பிடித்த உலோகம் மந்தமான ஒலி தரும், அல்லது நொறுங்கும். தார் அல்லது நிரப்புப் பசை தடித்துப் பூசப்பட்ட அடிப்பகுதியை ஐயத்துடன் நோக்க வேண்டும். அதன் கீழ் ஓட்டைகள் மறைக்கப்பட்டிருக்கலாம். துருவின் மேல் புதிய தகட்டை ஒட்டுப்போடுவது பயனற்றது. இரண்டு தகடுகளுக்கு இடையில் ஈரம் தங்கித் துரு விரைவுபெறும். துருவை நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி அகற்றி, அதன் பின்னரே புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது உடல் வளையாதிருக்கக் கதவுகளின் இடைவெளியை அடிக்கடி அளந்து பார்ப்பர். வேலை முடிந்ததும் பெட்டிப் பகுதிகளின் உட்புறத்தில் மெழுகுத் தைலம் செலுத்தப்படுகிறது.

1953 இல் அறிமுகமான "ட்ரவலர்" வகையில் பின்பகுதி ஆஷ் மரச் சட்டத்தால் ஆனது. இம்மரம் அலங்காரத்திற்கானது அன்று. அது சுமை தாங்கும் உறுப்பாகும். எனவே உக்கிய மரம் துருப்பிடித்த இரும்புக்கு ஒப்பானது. ஆண்டுதோறும் மரத்திற்கு மெருகெண்ணெய் அல்லது பாதுகாப்புப் பூச்சு இடப்பட வேண்டும்.

முன் தொங்கல் அமைப்பு

மைனரின் முன் சில்லுகள் முறுக்குத் தண்டுகளாலும் பின் அச்சு இலைவில்களாலும் தாங்கப்படுகின்றன. திசைமாற்றி பற்சட்ட வகையைச் சேர்ந்தது. அக்காலச் சிறிய தானுந்துகளுள் மைனர் வளைவுகளில் சிறப்பாக ஓடியமைக்கு இவ்வமைப்பே காரணம்.

இவ்வண்டியின் மிகவும் அறியப்பட்ட ஆபத்து இங்கேயே உள்ளது. முன் சில்லு திரும்பும் நிலைக்குத்தான தண்டு, மேலும் கீழும் "ட்ரனியன்" எனப்படும் திருகு வெட்டிய பித்தளைவகைத் துண்டுகளில் பொருந்தியுள்ளது. இத்திருகுகளுக்கு ஏறத்தாழ 1000 மைல்களுக்கு (1600 கிலோமீற்றர்) ஒருமுறை கிரீஸ் செலுத்தப்பட வேண்டும். கிரீஸ் இல்லாது போனால் திருகுகள் தேய்ந்து, ஒரு கட்டத்தில் கீழ்த் தண்டு ட்ரனியனிலிருந்து கழன்றுவிடும். அப்போது சில்லு வெளிப்புறமாக மடிந்து வண்டியின் முன்மூலை வீதியில் விழும். இது பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நிகழ்வதாகக் கூறப்பட்டாலும் வேகமாகச் செல்லும்போது நிகழாது என்பதற்கு உறுதி இல்லை.

தேய்மானத்தைக் கண்டறிய வண்டியை யாக்கில் உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் சில்லுப் பேரிங்கிலிருந்து வருகிறதா, ட்ரனியனிலிருந்து வருகிறதா என அறிய, மற்றொருவர் பிரேக்கை மிதித்திருக்கலாம். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில் உள்ளது. ஆட்டம் தொடர்ந்தால் குறை ட்ரனியனிலோ தண்டிலோ உள்ளது. இவ்வண்டியின் பராமரிப்புப் பணிகளுள் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் அது கிரீஸ் செலுத்துவதாகவே இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்யாது விட்டால் இழக்கக்கூடியது உயிர்.

பிரேக் அமைப்பு

மைனரின் நான்கு சில்லுகளிலும் உருளை பிரேக்குகளே உள்ளன. இவை நீர்ம அழுத்தத்தால் இயங்குகின்றன. தொடக்க வகைகளில் உருளையின் விட்டம் 7 அங்குலம். 1098 கன சென்ரிமீற்றர் வகையில் முன் உருளைகள் 8 அங்குலமாயின. நீர்ம இணைப்பு ஒரே சுற்றாக அமைந்துள்ளது. அதாவது, ஒரு குழாயோ ஓர் இறப்பர் அடைப்போ பழுதடைந்தால் நான்கு சில்லுகளின் பிரேக்கும் ஒருசேர இழக்கப்படும். அப்போது எஞ்சியிருப்பது பின் சில்லுகளில் கம்பியால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே. ஆகவே கைப்பிரேக்கை வண்டி நிறுத்தி வைக்கும் கருவியாக மட்டும் கருதாது, அதன் இழுவையை எப்போதும் சரியாகப் பேண வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரையின் கீழ் உள்ள சட்டகக் காலுக்குள் மறைந்துள்ளது. இதன் மூடி தரைவிரிப்பின் அடியில் இருக்கிறது. கண்ணில் படாததால் பிரேக் எண்ணெயின் மட்டத்தைப் பலர் பார்ப்பதில்லை. மட்டம் குறைந்திருந்தால் எண்ணெய் ஊற்றி நிரப்புவது தீர்வு அன்று. எண்ணெய் எங்கு கசிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறையும், உலோகப் பாகங்களும் உட்புறமாகத் துருப்பிடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை முழுமையாக மாற்றுவது நல்லது.

நன்கு சீர்செய்யப்பட்ட உருளை பிரேக்குகள் வண்டியின் மூல வேகத்திற்குப் போதுமானவை. எனினும் நீண்ட இறக்கங்களில் தொடர்ந்து மிதிக்கும்போது அவை சூடேறி வலுவிழக்கும். சுற்றியுள்ள வண்டிகள் அனைத்தும் தட்டு பிரேக்குடன் விரைவாக நிற்பதும் மற்றொரு சிக்கல். எனவே அன்றாடம் பயன்படும் மைனர்களில் பின்வரும் மேம்பாடுகள் செய்யப்படுகின்றன.

- முன் சில்லுகளுக்குத் தட்டு பிரேக் பொருத்துதல்
- வெற்றிட உதவியுடன் இயங்கும் அழுத்தப் பெருக்கியைச் சேர்த்தல்
- மாஸ்டர் சிலிண்டரைப் பொறி அறைக்கு இடம் மாற்றுதல்
- ஒற்றைச் சுற்றை இரட்டைச் சுற்றாக மாற்றுதல்

மைனரின் அடித்தளத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட ரைலி 1.5, வூல்ஸ்லி 1500 ஆகிய வண்டிகளின் பெரிய உருளை பிரேக்குகளைப் பொருத்துவது முற்காலத்தில் வழக்கமாயிருந்தது. இரட்டைச் சுற்று மாற்றம் வண்டி நிற்கும் தூரத்தைக் குறைப்பதில்லை. ஆனால் ஒரு குழாய் பழுதடையும் நாளில் அது பயன் தரும்.

பொறி

ஏ வரிசைப் பொறி எளிமையானது. திறந்த மூடியின் கீழ் அதன் எல்லாப் பக்கங்களிலும் கை நுழைய இடமுண்டு. வழமையான சீரமைப்புக்கு உரிய அளவுகள் வருமாறு:

- வால்வு இடைவெளி: 0.012 அங்குலம் (0.30 மில்லிமீற்றர்)
- பொறிச்செருகி இடைவெளி: 0.025 அங்குலம் (0.64 மில்லிமீற்றர்)
- டிஸ்ரிபியூற்றர் தொடுமுனை இடைவெளி: 0.015 அங்குலம் (0.38 மில்லிமீற்றர்)

மசகெண்ணெயாக 20டபிள்யு-50 வகை பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. கியர்ப்பெட்டிக்கும் பொறி எண்ணெயே ஏற்றது. பின் அச்சுக்கு 90 தர கியர் எண்ணெய் தேவை. எஸ்.யு. காபரேற்றரின் மேற்கூட்டில் சிறிதளவு மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். இது வற்றினால் வேகமுடுக்கியை மிதித்ததும் பொறி தயங்கும்.

பொறியின் பின்புறத்தில் எண்ணெய் கசிவது பொதுவான குறை. சுழல் தண்டின் பின்முனையில் இறப்பர் அடைப்பு இல்லாமல், எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகு வரிகள் மட்டுமே இருப்பது இதற்குக் காரணம். சில துளிகள் கசிவது இயல்பு. கசிவு திடீரென மிகுந்தால், தேய்ந்த பிஸ்டன் வளையங்களால் பொறியின் உள்ளே அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும்.

பொறியைக் கழற்றுமுன் அதன் நிலையை அழுத்தமானியால் அறியலாம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது முக்கியம். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அதில் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குறை பிஸ்டன் வளையங்களில் உள்ளது. உயராவிடின் குறை வால்விலோ தலைப்பகுதி அடைப்புத் தாளிலோ உள்ளது. இந்த எளிய சோதனை தேவையற்ற பெருந்திருத்தங்களைத் தவிர்க்கிறது.

வெப்ப நாடுகளில் குளிர்விக்கும் அமைப்பு தனிக் கவனம் பெறுகிறது. பல ஆண்டுகள் வெறும் கிணற்று நீர் ஊற்றப்பட்ட பொறிகளில் நீர்வழிகள் சுண்ணாம்புப் படிவாலும் துருவாலும் அடைபட்டிருக்கும். வண்டி நெரிசலில் நிற்கும்போது கொதிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வை (தெர்மோஸ்ரற்) அகற்றிவிடுவது பரவலாகச் செய்யப்படும் தவறான தீர்வு. இதனால் பொறி நெடுநேரம் குளிர்ந்த நிலையில் ஓடி விரைவில் தேய்கிறது. நீர்வழிகளைக் கழுவி, ரேடியேற்றரின் உட்கூட்டைப் புதுப்பித்து, குறைந்த வெப்பநிலையில் திறக்கும் வால்வைப் பொருத்துவதே முறை. உறைபனி இல்லாத நாடுகளிலும் துருத்தடுப்பான் கலந்த குளிர்நீர்மத்தையே பயன்படுத்த வேண்டும்.

எரிபொருள் மாற்றங்கள்

மைனர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது வெளியேற்று வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. உடல்நலக் கேடு காரணமாக உலக நாடுகள் ஈயப் பெற்றோலைக் கைவிட்டன. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டிலும் இலங்கையில் 2002 ஆம் ஆண்டிலும் அதன் பொது விற்பனை நின்றது. 2021 இல் அல்ஜீரியா கைவிட்டதுடன் உலகெங்கும் வீதி வண்டிகளுக்கான ஈயப் பெற்றோல் முடிவுக்கு வந்தது.

ஈயமில்லாப் பெற்றோலில், குறிப்பாக நீண்ட நேரம் உயர் வேகத்தில் ஓடும்போது, இரும்பாலான வால்வு இருக்கை அரிக்கப்பட்டு வால்வு மெல்ல மேலே ஏறுகிறது. இதனால் வால்வு இடைவெளி குறைந்து, இறுதியில் வால்வு முழுமையாக மூடாமல் எரிந்துவிடும். இடைவெளி அடிக்கடி குறைவதே இதன் முதல் அறிகுறி. நிரந்தரத் தீர்வு, பொறியின் தலைப்பகுதியில் கடினமாக்கப்பட்ட உருக்கு இருக்கைகளைப் பொருத்துவதாகும். நகரத்தில் மெதுவாக மட்டும் ஓடும் வண்டிகளில் இவ்வேலையை உடனே செய்யாமல், தலைப்பகுதி வேறு காரணத்திற்காகக் கழற்றப்படும் வரை காத்திருப்பதுண்டு.

அண்மைய மாற்றம் எதனோல் கலப்பாகும். பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு வரை எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் வழமையான வகையாயிற்று. எதனோல் பழைய இறப்பர் குழாய்களையும் அடைப்புகளையும் மென்மையாக்கிப் பிளக்கச் செய்கிறது. நீரை ஈர்ப்பதால் தாங்கியின் உட்புறத் துருவையும் தூண்டுகிறது. எனவே பெற்றோல் குழாய்கள் அனைத்தையும் எதனோலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது இன்று மேம்பாடு அன்று, அடிப்படைத் தேவையாகும். சூடான பொறியின் மேல் பெற்றோல் சொட்டுவதே பழைய வண்டிகள் தீப்பற்றுவதற்கு ஒரு முக்கிய காரணம்.

மின் அமைப்பு

மைனரின் 12 வோல்ற்று மின் அமைப்பில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. இன்றைய வண்டிகளில் எதிர்முனை இணைக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறியாது புதிய வானொலி, மின்னணுக் கருவி என்பவற்றைப் பொருத்தினால் அவை உடனே பழுதடையும். பிற வண்டியிலிருந்து மின்னேற்றும்போதும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூல டைனமோ ஏறத்தாழ 22 அம்பியர் மின்னோட்டம் தரக்கூடியது. ஆனால் பொறி மெதுவாகச் சுழலும்போது அது ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. இரவு, மழை, நெரிசல் ஆகிய மூன்றும் சேரும்போது முகப்பு விளக்குகளும் துடைப்பானும் பற்றரியை வற்றச் செய்துவிடும். நாள்தோறும் நகரத்தில் ஓடும் வண்டிக்கு ஒல்ரனேற்றர் பொருத்துவதால் கிடைக்கும் பயன் மிகுதி. அப்போது மின் அமைப்பை எதிர்முனை இணைப்புக்கு மாற்ற வேண்டும். பற்றரி இணைப்புகளை மாற்றுதல், பொறிச்சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றுதல், பழைய மின்னோட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டியை விலக்குதல், கூடிய மின்னோட்டத்தைத் தாங்கும் தடித்த வயரை இடுதல் என்பன இதில் அடங்கும். டைனமோவை வைத்துக்கொண்டே இணைப்பை மட்டும் மாற்றுவோர், டைனமோவின் காந்தமுனைவையும் மாற்ற வேண்டும்.

தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்துவது மற்றொரு பரவலான மேம்பாடு. இதனால் தொடுமுனைகளை அடிக்கடி சரிசெய்யும் தேவை நீங்குகிறது. ஆனால் தொடுமுனை பழுதானால் வீதியோரத்தில் அரத்தாலோ மணற்தாளாலோ சுத்தம் செய்து பயணத்தைத் தொடரலாம். மின்னணுத் தொகுதி பழுதானால் அது இயலாது. ஆகவே பழைய தொடுமுனைத் தட்டை வண்டியில் வைத்திருப்பர். 1961 வரை வந்த வண்டிகளில் திரும்புவதைக் காட்ட உடலிலிருந்து நீளும் கைகாட்டிகள் இருந்தன. இன்றைய ஓட்டுநர்கள் அவற்றைக் கவனிப்பதில்லை என்பதால் சிமிட்டும் விளக்குகளைச் சேர்த்தல் அவசியம்.

வேகத்தைக் கூட்டும் மேம்பாடுகள்

948 கன சென்ரிமீற்றர் பொறி 37 குதிரைவலுவும் 1098 கன சென்ரிமீற்றர் பொறி 48 குதிரைவலுவும் தருவன. இதைக் கூட்ட விரும்புவோர், மரீனா அல்லது மிட்ஜெட்டில் பயன்பட்ட 1275 கன சென்ரிமீற்றர் ஏ வரிசைப் பொறியைப் பொருத்துகின்றனர். கியர்ப்பெட்டியில் முதற் கியருக்கு ஒத்திசைப்பான் இல்லை. 803, 948 கன சென்ரிமீற்றர் வகைகளின் கியர்ப்பெட்டி பெரிய பொறியின் விசையை நெடுநாள் தாங்குவதில்லை. ஆதலால் ஃபோர்ட் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதும் உண்டு.

பொறியை மாற்றாமலே நெடுஞ்சாலைப் பயணத்தை இலகுவாக்க மற்றொரு வழி உள்ளது. 948 வகையின் பின் அச்சுப் பல்விகிதம் 4.55:1. 1098 வகையில் இது 4.22:1. ஸ்பிரைட், மிட்ஜெட் வண்டிகளில் வந்த 3.9:1 விகிதப் பற்சக்கரத் தொகுதியைப் பொருத்தினால் அதே வேகத்தில் பொறி குறைவாகச் சுழலும். ஓசையும் எரிபொருள் செலவும் குறையும். ஏற்றங்களில் சற்று மந்தமாகும்.

வேகத்தைக் கூட்டுமுன் பிரேக், ரயர், தொங்கல் அமைப்பு ஆகியவற்றை மேம்படுத்த வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. மூல குறுக்கிழை ரயர்களுக்குப் பதிலாக ஆரை இழை ரயர்களைப் பொருத்துவது செலவு குறைந்த மேம்பாடு. ஈரமான வீதியில் இதன் வேறுபாடு நன்கு உணரப்படும். பயன்படாமல் நின்ற வண்டியின் ரயர், பூக்கள் தேயாமல் புதிதாகத் தோன்றினாலும் வயதினால் இறப்பர் இறுகி வெடித்திருக்கக்கூடும்.

எத்தனை மேம்பாடுகள் செய்தாலும் மைனர் இன்றைய வண்டிக்கு ஒப்பான பாதுகாப்பைத் தராது. மோதலின் விசையை உள்வாங்கி நசுங்கும் பகுதிகளோ காற்றுப்பைகளோ இதில் இல்லை. இருக்கைப் பட்டிகளைப் பொருத்தும்போது அவை வலுவான, துருவற்ற உலோகத்தில் பிணைக்கப்பட வேண்டும்.

இலங்கையில்

இலங்கையில் மொரிஸ் மைனர் மிகப் பரவலாக அறியப்பட்ட வண்டிகளுள் ஒன்று. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகத் தானுந்து இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, முன்னர் வந்த பிரித்தானிய வண்டிகளையே மக்கள் திருத்தித் திருத்திப் பயன்படுத்தினர். கிடைக்காத பாகங்களைக் கடைசல் பட்டறைகளில் செய்துகொள்ளும் திறன் இக்காலத்தில் வளர்ந்தது. இத்திறனை அடிப்படையாகக் கொண்டு, 1990களில் சார்ல்ஸ் வெயரின் முயற்சியுடன் இணைந்து மைனரின் உடற்தகடுகளும் பாகங்களும் இலங்கையில் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன.

2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்படும் வரை, பழைய வண்டிகளைப் பேணுவது பலருக்கு விருப்பமாக அன்றித் தேவையாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் வண்டிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொரிஸ் மைனருடன் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய வண்டிகள் வாடகை வண்டிகளாக நெடுங்காலம் ஓடின. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அப்போது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேறு வழி குறைவாக இருந்த காலம் அது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. எனவே குளிர்ந்த பொறி அதில் தொடங்காது. ஓட்டுநர்கள் சிறு போத்தலில் வைத்திருந்த சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுப் பொறியை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மேலும் மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. உயர் அழுத்த விகிதமுடைய புதிய பொறியில் அது காலத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைச் சேதப்படுத்தும். 1950களின் பொறிகள் குறைந்த அழுத்த விகிதம் உடையனவாதலால் இதைத் தாங்கின. எளிய காபரேற்றர், கையால் மாற்றக்கூடிய பற்றவைப்பு நேரம் என்பனவும் உதவின. புதிய யப்பானிய வண்டிகள் முடங்கிய நிலையில் நாற்பது ஆண்டு பழமையான ஒஸ்ரின் ஓடியதற்கு இதுவே காரணம்.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. இதனால் பேரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேய்ந்தன. பொறிச்செருகிகளில் கரி படிந்து அவற்றை அடிக்கடி கழற்றித் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. வெண்புகையும் கடும் நெடியும் அக்கால வீதிகளின் அடையாளமாயின. 2002 இல் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின் பெற்றோலும் புதிய வண்டிகளும் பெருமளவில் வந்தன. மண்ணெண்ணெயில் ஓடிய பொறிகள் பல அதன்பின் முழுமையான பெருந்திருத்தத்திற்கு உள்ளாயின.

சட்ட நிலையும் மூலத்தன்மை பற்றிய கருத்துகளும்

பிரித்தானியாவில் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பெரிய மாற்றங்களுக்கு உட்படாததுமான வண்டிகள் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. எனினும் வண்டி வீதிக்கு ஏற்ற நிலையில் இருப்பது உரிமையாளரின் சட்டப் பொறுப்பாகவே தொடர்கிறது. இதனால் பலர் விலக்கு இருந்தும் விருப்பத்தின் பேரில் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படுத்துகின்றனர்.

பழைய வண்டியை மேம்படுத்துவது பற்றி ஆர்வலரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. வண்டி வெளிவந்த நிலையிலேயே பேணப்பட வேண்டும் என்பது ஒன்று. நாள்தோறும் ஓடும் வண்டி பாதுகாப்பானதாக மாற்றப்பட வேண்டும் என்பது மற்றொன்று. மீளப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். உடலை வெட்டாமல் பொருத்தக்கூடிய தட்டு பிரேக், ஒல்ரனேற்றர், மின்னணுப் பற்றவைப்பு என்பன இவ்வகையின. கழற்றிய மூலப் பாகங்கள் பாதுகாத்து வைக்கப்படுகின்றன.

வேலைகளின் முன்னுரிமை

புதிதாக வாங்கப்பட்ட பழைய வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போது பொதுவாகப் பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது.

1. கட்டமைப்பின் துருவைச் சீர்செய்தல்
2. பிரேக், திசைமாற்றி, ட்ரனியன், ரயர் ஆகியவற்றைச் சோதித்து மாற்றுதல்
3. பெற்றோல் குழாய்கள், மின் வயர்கள் ஆகிய தீ ஆபத்து உள்ளவற்றைப் புதுப்பித்தல்
4. குளிர்விக்கும் அமைப்பையும் பற்றவைப்பையும் நம்பகமாக்குதல்
5. விளக்குகள், இருக்கைப் பட்டிகள், ஒல்ரனேற்றர் ஆகிய மேம்பாடுகள்
6. வேகம், வசதி, தோற்றம் ஆகியன பற்றிய வேலைகள்

ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தால், பின்னர் குறை ஒன்று தோன்றும்போது அது எதனால் ஏற்பட்டது என அறிவது கடினம். ஒரு வேலையை முடித்து, சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, பின்னர் அடுத்ததைத் தொடங்குவது நல்லது. செய்த வேலை, திகதி, ஓடிய தூரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பது, அடுத்து வண்டியைத் திருத்துபவருக்கும் வாங்குபவருக்கும் உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

- அலெக் இசிகோனிஸ்
- உள் எரி பொறி
- மினி (தானுந்து)
- காபரேற்றர்
- தட்டு பிரேக்